கரண்ட் போனாலும் அம்மாவின் போன் அடிக்க வேணும்

போன மாரியில் ஒரு இரவு, அம்மா தனியே இருக்கும் தெருவில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில்தான் எனக்குத் தெரியும். "போனை எடுத்துப் பாத்தனான் தம்பி, சத்தமே இல்லை" என்றார் சாதாரணமாக. கழுத்தில் தொங்கும் அவசர பட்டனும் அதே லைனில்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பழைய செப்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். வீடு இருண்டாலும் போன் வேலை செய்யும். பிரிட்டனில் அந்த லைன்களை 2027 ஜனவரிக்குள் நிறுத்தப் போகிறார்கள். புது போன் ரவுட்டரை நம்பி இருக்கிறது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்போருக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் 999 அழைக்க வழி தர வேண்டும் என்கிறது ஆஃப்காம். உங்கள் பெற்றோரின் கம்பனியிடம் முதலில் அதைக் கேளுங்கள். எனக்கு ஒரு மணி நேரம் போதாது என்று பட்டது.

நான் சாப்ட்வேர்க்காரன், சோல்டரிங் அழகாக வராது. அதனால் 230 வோல்ட் பக்கம் கையே வைக்கவில்லை. அடாப்டர், சார்ஜர் இரண்டும் கடையில் வாங்கியவை. 12.8 வோல்ட், 7 ஆம்ப்-அவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி, அதன் பிளஸ் முனையிலேயே ஒரு பியூஸ். முழுச் சார்ஜில் பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், அதை நேரே ரவுட்டருக்குக் கொடுக்கக் கூடாது; நடுவில் ஒரு கன்வெர்ட்டர்.

முதலில் ரிலே போட்டேன். அது மாறும் அந்தச் சில மில்லி செக்கனிலேயே ரவுட்டர் அணைந்து மறுபடி கிளம்பியது. பிறகு இரண்டு ஷாட்கி டையோட்கள்: ஒன்று 12 வோல்ட் அடாப்டரிலிருந்து, மற்றது 11.5க்கு வைத்த கன்வெர்ட்டரிலிருந்து. வோல்டேஜ் கூடிய பக்கம் தானாகவே வேலை செய்யும். அடாப்டர் நின்றால் பேட்டரி அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும்.

ரவுட்டர் லைட் எரிந்தும் போன் வரவில்லை! சுவரில் இருக்கும் பைபர் பெட்டிக்குத் தனி அடாப்டர் என்பதை மறந்துவிட்டேன். அதுவும் 12 வோல்ட்தான், சேர்த்துக்கொண்டேன். இரண்டும் சுமார் 14 வாட். கணக்குப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல். கோட்லெஸ் போனையும் மாற்றி வயர் போன் வைத்தேன், கோட்லெஸின் அடித்தட்டுக்கும் கரண்ட் வேணுமே.

சனிக்கிழமை பிளக்கைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அரை மணிக்கொரு தரம் அழைத்தேன். ஐந்தாவது மணி தாண்டியும் அம்மா எடுத்தார்: "இன்னும் எத்தினை தரம் அடிப்பாய்? நான் படுக்க வேணும்."