ரிப்போர்ட் நார்மல், பயம் மட்டும் போகவில்லை

2020 பிப்ரவரி. ஆந்திராவில் ஒருவருக்குக்கூட கொரோனா உறுதியாகாத நேரம். அன்றைய சித்தூர் மாவட்டத்தில், ஸ்ரீகாளஹஸ்தி பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் உடம்பு சரியில்லாமல் திருப்பதிக்குப் போய்க் காட்டினார். ஏதோ வைரஸ் தொற்று என்று சொல்லப்பட்டதாகச் செய்திகள் கூறின. செல்போனில் கொரோனா வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்த அவர், தனக்கும் அதுதான் என்று முடிவு கட்டினார். வீட்டாரையும் ஊராரையும் கிட்டே வரவிடவில்லை. கடைசியில் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார்.

சில நாள் பயத்தை வைத்து அவருக்கு இன்ன கோளாறு என்று சொல்வது முறையல்ல. ஆனால் நோய் பற்றிய பயம் ஓர் ஆளை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

பெரிய நோய் வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது என்ற கவலை ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அது நோய்க் கவலைக் கோளாறு. உடம்பில் தொந்தரவு பெரிதாக இருக்காது. கழுத்தில் ஒரு சிறு நெறி தட்டுப்படும். நாளுக்கு இருபது தடவை அமுக்கிப் பார்ப்பார்கள். அமுக்கி அமுக்கியே வலி எடுக்கும். அந்த வலியே புற்றுநோய்க்கு ஆதாரமாகிவிடும். சித்தூரிலிருந்து வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுப்பார்கள். நார்மல் என்றதும் இரண்டு நாள் நிம்மதி. பிறகு, ‘டாக்டர் சரியாகப் பார்த்தாரா?’

வலியும் களைப்பும் நிஜமாகவே வாட்டி, நினைப்பெல்லாம் அதிலேயே கிடந்தால் அது உடல் அறிகுறிக் கோளாறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், 2013இல்தான் பிரித்தது. பேனிக் தாக்குதல் வேறு: திடீரென நெஞ்சு படபடக்கும், இந்த நிமிஷமே சாகப்போகிறோம் என்று தோன்றும், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தணியும். ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களில் பலர் கிருமி ஒட்டிவிடுமோ என்று கை கழுவிக்கொண்டே இருப்பார்கள். பொதுவான பதற்றக் கோளாறிலோ பணம், பிள்ளைகள், வேலை என எல்லாமே கவலைதான்.

நோய்க் கவலைக் கோளாறு நடிப்பல்ல. ஸ்வீடனில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான பெரிய ஆய்வு, இக்கோளாறு கண்டறியப்பட்டவர்களிடம் தற்கொலை மற்றவர்களைவிட சுமார் நான்கு மடங்கு என்று காட்டியது. சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நல்ல பலன் தருகின்றன.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், “உனக்கு ஒன்றுமில்லை, சும்மா இரு” என்று அதட்டாதீர்கள். ஐந்தாவது ஸ்கேனுக்கும் கூட்டிப் போகாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் பேசலாம்.