பழைய காமிராவின் ஷட்டரைப் பரீட்சித்தல்

பிலிமில் படமெடுக்கும் பிரீதி இளைஞரிடையே மீண்டும் தலையெடுத்திருக்கும் இந்நாளில், சோவியத் நாட்டில் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஃபெட், ஸோர்கி முதலிய ரேஞ்ச்ஃபைண்டர் காமிராக்கள் பழம்பொருள் வியாபாரிகளிடமும் இணையச் சந்தைகளிலும் ஓயாமல் கைமாறி வருகின்றன. கார்கோவ் நகரில் 1934 முதல் உருவான ஃபெட்டும், மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1948 முதல் வெளிவந்த ஸோர்கியும் ஜெர்மானிய லைக்காவைப் பின்பற்றி அமைந்தவை. ஆதலால் லைக்காவுக்குப் போலவே இவற்றுக்கும் ஜீவன், லென்ஸுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரண்டு கறுப்புத் துணித் திரைகளில்தான் இருக்கிறது. உலோகம் மினுங்குகிறது, லென்ஸில் பூஞ்சை இல்லை என்ற இரண்டோடு திருப்தியடைந்து பணத்தைக் கொடுத்துவிட்டு, முதல் சுருளைக் கழுவி அச்சிட்ட பின்பு ஒவ்வொரு படத்திலும் ஓர் ஓரம் இருண்டு கிடப்பதைக் கண்டு வருந்துவோர் பலர். அந்த வருத்தத்தைக் கடையிலேயே, பத்து நிமிஷப் பரீட்சையால் தவிர்த்துவிடலாம் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பரீட்சைக்கு முன் யந்திரத்தின் போக்கை அறிய வேண்டும். முதல் திரை ஓடி 24க்கு 36 மில்லிமீட்டர் சாளரத்தைத் திறக்கிறது. இரண்டாவது திரை பின்னால் ஓடி மூடுகிறது. 1/30 வினாடியில் ஒரு கணமாவது சாளரம் முழுதும் திறந்து நிற்கும். அதற்கு மேற்பட்ட வேகங்களிலோ, முதல் திரை கரை சேருமுன்பே இரண்டாவது திரை புறப்பட்டுவிடுவதால், இரண்டுக்கும் இடையேயுள்ள ஒரு குறுகிய பிளவுதான் பிலிமின்மீது ஓடுகிறது. ஆகையால் பழைய கிரீஸ் இறுகி ஒரு திரை சற்றே தளர்ந்தாலும், மெதுவான வேகங்களில் தெரியாத அந்தக் குறை 1/500, 1/1000 வேகங்களில் படத்தையே பாழாக்கிவிடுகிறது. ஒரு வினாடி, அரை வினாடி போன்ற நீண்ட நேரங்களுக்கோ, இரண்டாவது திரையைத் தடுத்து நிறுத்தும் தனிப் பற்சக்கரத் தொகுதி ஒன்று உண்டு. அதன் வியாதி வேறு.

1956 முதல் 1973 வரை 15 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஸோர்கி-4 இன்று மிகச் சுலபமாகக் கிடைப்பதால், அதையே உதாரணமாகக் கொள்கிறேன். பிலிம் சுற்றும் குமிழைத் திருப்பி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகச் சக்கரத்தில் கை வைக்க வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளுறுப்புகள் பழுதாகும் அபாயம் உண்டு. லென்ஸையும் பின்மூடியையும் கழற்றிவிட்டு, வெளிச்சம் சீராக விழும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து, 1/1000 வேகத்தில் பலமுறை இயக்கிப் பின்புறமிருந்து பார்க்க வேண்டும். சாளரம் முழுதும் ஒரே பிரகாசமாய் மின்னினால் நல்லது. பெரும்பாலும் திரை ஓடி முடியும் பக்கத்தில் ஒரு பட்டை இருண்டு தோன்றினால், இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிடுகிறது என்று பொருள். பிறகு ஒரு வினாடிக்கு வைத்து ஓசையைக் கேட்க வேண்டும்: சீரான இரைச்சல் ஆரோக்கியம், இடையில் திக்கி நிற்பதோ, திரை மூடாமலே இருந்துவிடுவதோ, பற்சக்கரங்களில் அழுக்கு உறைந்ததன் லட்சணம். வினாடிக்கு 240 படம் பிடிக்கும் கைபேசி இருந்தால் திரை திறந்து மூடுவதைப் பதிவு செய்து எண்ணிப் பார்க்கலாம்; ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 240 படங்கள் வர வேண்டும்.

இனித் துணியில் ஓட்டை. இவ்வகைக் காமிராவில் லென்ஸுக்கும் திரைக்கும் இடையே ஒளியைத் திருப்பும் கண்ணாடி கிடையாதாகையால், லென்ஸ் மூடியின்றி வெயிலில் விட்டால், பூதக்கண்ணாடி பஞ்சைக் கருக்குவதுபோலச் சூரிய ஒளி திரையில் குவிந்து ஊசித்துளை விழச் செய்துவிடும். இருட்டறையில் முன்புறம் டார்ச் விளக்கைப் பிடித்து, ஷட்டரை ஏற்றிய நிலையில் ஒருமுறையும் ஏற்றாத நிலையில் ஒருமுறையும் பின்னிருந்து நோக்க வேண்டும்; முன்னதில் முதல் திரையும் பின்னதில் இரண்டாவது திரையும் சாளரத்தை மூடியிருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது பாதிப் பரீட்சையே.

விற்பனைக்காகச் செய்யப்படும் சில அவசர வைத்தியங்களையும் அறிந்திருப்பது நலம். சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில் எண்ணெய் தெளித்தால் சில நாள் ஓடிப் பின்பு முன்னிலும் மோசமாய் இறுகும். சுருள்வில்லை அளவுக்கு மீறி முறுக்கினால் வேகம் சரிப்பட்டதுபோல் தோன்றித் தேய்மானம் பெருகும். துளைகளின்மேல் தடித்துப் பூசிய ரப்பர்க் கலவை திரையை விறைப்பாக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, வேண்டுமாயின் திரைகளையே மாற்றி, வேகங்களை அளந்து சரிசெய்வதே உண்மையான பரிகாரம். அதற்கு ஆகும் செலவு சில வேளை காமிராவின் விலையையே எட்டிவிடும் என்பதால், விலை பேசும்போதே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு நிற்கிறது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அவ்வகைப் பொருளையே வியாபாரம் செய்பவரிடம் விவரணையை நம்பி வாங்கும் சரக்கு விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குவோர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கடையில் மேலெழுந்தவாரியாகப் பார்த்து வைப்பது இதனாலேயே ஆபத்தானது. ‘எல்லா வேகங்களும் சரியாக இயங்குகின்றன’ என்று பில்லிலேயே எழுதி வாங்குவது உத்தமம். பின்மூடி கழலாத ஆரம்ப கால ஃபெட், ஸோர்கி வகைகளில் பின்னிருந்து பார்க்க முடியாதாகையால், ஒரு சுருள் எடுத்துப் பார்த்துத் திருப்பித் தரும் நிபந்தனையையும் எழுத்தில் பெற வேண்டும். ஸோர்கியின்மேல் லைக்கா என்று பொறித்து விற்கும் போலிகளும் உலவுகின்றன. அப்படி ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின்பேரில் நடந்த விற்பனையை ரத்து செய்ய 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இடமளிக்கிறது. தம் சொந்தக் காமிராவை என்றோ ஒருநாள் விற்கும் தனிமனிதர்மீது செல்லும் வழியும் பெரும்பாலும் இதுவே.

வியாபாரியிடமோ இணையச் சந்தையிலோ சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. மறுவிற்பனைக்காக வாங்கியவருக்கு அது உதவாது. இணையச் சந்தையின் குறைதீர்ப்பு அதிகாரி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வக்கீல் இல்லாமலும் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. கூலி வாங்கிப் பழுதுபார்ப்பதும் இச்சட்டத்தின்படி சேவையேயாதலால், அரைகுறையாய்ச் செய்யப்பட்ட வேலைக்கும் இதே கதவு திறந்திருக்கிறது. ஆகவே காமிராவை ஒப்படைக்கும்போதே செய்யப்போகும் வேலையையும் கூலியையும் எழுதி வாங்கி, மாற்றிய பழைய திரைகளைத் திருப்பிக் கேட்டுப் பெற்று, முன்னும் பின்னும் எடுத்த ஷட்டர்ப் பதிவுகளைத் தேதியுடன் பாதுகாத்து வைக்க வேண்டும்.