கப்பலேறி வந்த நத்தை

சோம்பேறிப் பிள்ளையை, "ஏண்டா நத்தை மாதிரி ஊர்கிறாய்?" என்று கோபித்துக்கொள்கிறோம். ஆனால், ஒரு நத்தை நூற்றைம்பது வருஷத்துக்குள் உலகத்தில் பாதியைச் சுற்றிவிட்டது என்றால் நம்புவீர்களா?

உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு நத்தை புதிதல்ல. ஏரிப் பாசனம் உள்ள அந்த வட்டாரத்தில் வயலிலும் வாய்க்காலிலும் உருண்டையாகக் கிடக்கிறதே, அது நம் நாட்டு நத்தை. அதன் வீட்டு வாசலுக்குக் கதவு உண்டு. கோடையில் தண்ணீர் வற்றினால் சேற்றில் புதைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த மழை வரை சுகமாகத் தூங்கும். அதைக் கறி சமைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

நாம் சொல்ல வந்தது வேறு நத்தை. ஓடு நீண்டு, நுனி கூம்பி, பழுப்பு நிறத்தில் கருங்கோடுகள் ஓடியிருக்கும். நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் நீளம்கூட இருக்கும். கதவு கிடையாது. வெயில் வந்தால் வாசலில் மெல்லிய படலம் ஒன்றைப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். இதன் பெயர் ராட்சத ஆப்பிரிக்க நத்தை.

இதன் பிறந்தகம் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து மடகாஸ்கருக்கும், பிறகு மொரீஷியஸ் தீவுக்கும் வந்தது. நெஞ்சு நோய்க்கு நத்தை ரசம் நல்லது என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்ததாம்!

1847-இல் பென்ஸன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தார். நத்தை ஆராய்ச்சியில் அவருக்கு அபாரப் பிரியம். உயிரோடு இரண்டே இரண்டு நத்தைகளைக் கொண்டுவந்தார். அவை சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் குடியேறின. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அந்த வட்டாரத்தில் அவை ஏராளமாகப் பெருகிவிட்டன. 1900-இல் காலெட் என்பவர் இலங்கையில் வட்டவளையில் இவற்றை விட்டார். பிறகு மலாய் நாடு, கிழக்கிந்தியத் தீவுகள், பசிபிக் தீவுகள் என்று யாத்திரை தொடர்ந்தது.

1966-இல் ஒரு சிறுவன் ஹவாய்த் தீவிலிருந்து மூன்று நத்தைகளை அமெரிக்காவின் மயாமி நகருக்கு எடுத்துச் சென்றான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழு வருஷத்தில் பதினெட்டாயிரம் நத்தைகள்! ஒழித்துக்கட்டப் பத்து லட்சம் டாலர் ஆயிற்று. 2011-இல் அதே ஊரில் மறுபடியும் முளைத்தன.

இவை இப்படிப் பெருகுவதன் ரகசியம் என்ன? ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. ஒரு தடவைக்கு நூறு முதல் நானூறு முட்டை வரை இடும். வாழை, பப்பாளி, கறிகாய் என்று நூற்றுக்கணக்கான செடி வகைகளை மேயும்.

மத்தியதரைக் கடல் நத்தைகளின் கதையும் இதேதான். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன வெள்ளை நத்தைகள் கோதுமை, பார்லித் தாள்களில் ஏறி ஒட்டிக்கொள்கின்றன. அறுவடை இயந்திரத்தில் தானியத்தோடு தானியமாகச் சேர்ந்து வேளாளரின் பிழைப்பைக் கெடுக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் கோன்னி முதலிய ஊர்களில் மழை பிடித்தால் இந்த ஆப்பிரிக்க நத்தையின் படையெடுப்புத்தான்; சுவரெல்லாம் நத்தை. பயிர் போவது மட்டுமல்ல. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவை இது சுமக்கிறது. அந்தப் புழு மனிதன் உடம்பில் புகுந்தால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி நோய் காணும். ஆகையால் குழந்தைகள் இதை வெறுங்கையால் தொட்டு விளையாடக் கூடாது. தோட்டத்துக் கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே உண்ண வேண்டும்.

தோட்டத்தில் கண்டால் என்ன செய்வது? மாலையில் நனைந்த கோணிச் சாக்கில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ போட்டு வையுங்கள். இரவில் கூட்டமாக வந்து சேரும். விடியற்காலையில் உறை போட்ட கையால் பொறுக்கி, ஒரு வாளி உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதைத்துவிடுங்கள். உப்பை மண்ணில் தூவாதீர்கள், செடி பட்டுப்போகும்.

நத்தையைத் தின்ன இன்னொரு நத்தையைக் கொண்டுவருவோம் என்று சிலர் யோசித்தார்கள். 1955-இல் ஹவாயில் அப்படிச் செய்தார்கள். வந்த நத்தை ராட்சதனைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய சின்னஞ்சிறு நத்தைகளை விழுங்கித் தீர்த்தது!

கி.பி. 921-இல், பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் குடவோலை மூலம் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரையும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேரையும் பொறுக்கினார்கள். ஏரியைவிடத் தோட்டத்துக்கு இரட்டிப்புக் காவல்! இன்று அந்த வாரியம் இல்லை. வெளியூரிலிருந்து செடியும் தொட்டி மண்ணும் வாங்கி வருகிற நாம்தான் வாரியத்தார். மிளகளவு முட்டை அந்த மண்ணில் ஒளிந்திருக்கலாம். வாசலிலேயே கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். நத்தை தானாக நம் ஊருக்கு வந்து சேர யுகம் ஆகும். நாம் தூக்கி வந்தால் ஒரே நாள் போதும்.