நாக்கைப் பழக்கியது யார்?

கரவெட்டிப் பக்கத்தில் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்பார்கள். அந்தப் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றுபோனது. இறக்குமதிக் கோதுமை மா அந்த இடத்தைப் பிடித்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை வந்தது. பாணும் ரொட்டியும் அன்றாட உணவாயின.

வெள்ளை மாவாக அரைக்கும்போது தவிடும் முளையும் கழிந்துவிடும்; நார்ச்சத்துக் குறையும்; இரத்தத்தில் சீனி விரைவாக ஏறும். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வெள்ளை மாவில் 20 அளவுதான்.

"எங்கட நாக்குக்கு இதுதான் பிடிக்கும்" என்கிறோம். அந்த நாக்கைப் பழக்கியவை யுத்தமும் சந்தையும். நோன்பு துறக்கும்போது ரோல்சுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை குரக்கன் கஞ்சியும் வைப்போம். பிள்ளைகளின் நாக்கு அதற்கும் பழகும்.