தாது வண்டியின் பாரம்

இரும்புத் தாது ஏற்றிய கூட்ஸ் வண்டியை ரயில்வே மேம்பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால், வேகன்கள் பாதிகூட நிறையாமல் போவது தெரியும். ஏற்றியவர்கள் குறைவாக ஏற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ‘பாக்ஸ்-என்’ எனப்படும் திறந்த வேகனின் கொள்ளளவு சுமார் 56 கனமீட்டர். அதன் சக்கரங்களும் தண்டவாளமும் தாங்கும் சரக்கு 60 டன்னை ஒட்டியது. நிலக்கரியில் அந்த எடை வர விளிம்புவரை குவிக்க வேண்டும். தாதுவோ கனமீட்டருக்கு இரண்டரை டன் அளவுக்கு நிற்கும். 24 கனமீட்டர் கொட்டியதுமே கணக்கு முடிந்துவிடும். மீதி இடம் காலியாகத்தான் போக வேண்டும்.

இந்தக் கனம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலை ஒரு கையிலும் சாதாரண மணலை மறு கையிலும் அள்ளினால் வித்தியாசம் உடனே தெரியும். சாதாரண மணலான குவார்ட்ஸின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, கருமணலில் உள்ள இல்மனைட்டுக்கு ஏறத்தாழ 4.7. இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனுடன் சேர்ந்த கனிமம். தூய இல்மனைட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரும்புதான். ஆனால் அதை வாங்குபவர்கள் டைட்டானியத்துக்காகவே வாங்குகிறார்கள். மணவாளக்குறிச்சிக்கு ரயில் பாதையும் கிடையாது. மாவட்டத்துக்கே ரயில் வந்தது 1979-இல். நெல்லையுடன் இணைப்பு 1981-இல். நாகர்கோவில் சந்திப்புக்கு வரும் கூட்ஸ் வண்டிகளில் பெரும்பாலும் தெரிந்த முகம், ரேஷன் அரிசி மூட்டைகளோடு வரும் மூடிய வேகன்கள்தான்.

உண்மையான தாது வண்டியைப் பார்க்க வடக்கே போக வேண்டும். சத்தீஸ்கரின் பைலடிலா மலைகளில் என்.எம்.டி.சி. நிறுவனம் வெட்டியெடுக்கும் தாது, கிரந்துல்லில் வேகன் ஏறி, அரக்குப் பள்ளத்தாக்கு வழியாக விசாகப்பட்டினத்துக்கு இறங்குகிறது. ஜப்பானிய எஃகு ஆலைகளுக்குத் தாது அனுப்புவதற்காக, அந்நாட்டின் உதவியோடு 1960-களில் போட்ட பாதை இது. கொத்தவலசையிலிருந்து கிரந்துல்வரை ஏறக்குறைய 446 கிலோமீட்டர். வழியில் 58 சுரங்கங்கள், 84 பெரிய பாலங்கள். சிமிலிகுடா நிலையம் கடல் மட்டத்திலிருந்து 996 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அகலப்பாதை நிலையங்களில் நாட்டிலேயே உயரமானது என்ற பெயரை அது நெடுங்காலம் வைத்திருந்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இத்தகைய வண்டிகள் ஓடின. கர்நாடகத்தின் பெல்லாரி, ஹொசபேட்டை சுரங்கங்களின் தாது சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்குக்கு ரேக் ரேக்காக வந்தது. தாதுத் தூசியும் நிலக்கரித் தூசியும் வடசென்னை வீடுகளில் படிந்ததுதான் மிச்சம். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2011 அக்டோபர் 1 முதல் அங்கே இரண்டையும் கையாளத் தடை வந்தது.

இவ்வளவு எடையை ரயிலால் இழுக்க முடிவதன் காரணம், எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் கிட்டத்தட்ட நசுங்காமல் உருள்வது. சமதளத்தில் ஒரு டன்னை உருட்ட ஒன்றரை முதல் இரண்டு கிலோ விசை போதும். சாலையில் லாரிக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு தேவை. 58 வேகன் கொண்ட தாது ரேக்கின் மொத்த எடை சுமார் 4,700 டன். சமதளத்தில் அதை ஓடவைக்க 7 முதல் 9 டன் இழுவிசை போதும்.

ஏற்றம் வந்ததும் கதை மாறிவிடும். கிரந்துல் பாதையின் செங்குத்தான பகுதிகளில் இருப்பதுபோல் 60 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்றால், புவியீர்ப்பு மட்டும் வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை 78 டன். இன்றைய ‘டபிள்யூ.ஏ.ஜி.-9’ மின்சார எஞ்சின் 123 டன் எடை கொண்டது. அதிகபட்சம் 47 டன் அளவுக்கு இழுக்கும். அதற்குமேல் எத்தனை குதிரைத்திறன் கொடுத்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். உருளும்போது உதவிய அதே வழவழப்பு இப்போது எதிரியாகிவிடுகிறது. அதனால்தான் எஞ்சின்களை வேண்டுமென்றே கனமாகச் செய்கிறார்கள். சக்கரங்களுக்கு முன்னால் மணல் பெட்டி வைத்து, வழுக்கும்போது தண்டவாளத்தில் உலர்ந்த மணலைத் தூவுகிறார்கள். கிரந்துல் பாதைக்கென்றே 1980-களின் இறுதியில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆறாயிரம் குதிரைத்திறன் எஞ்சின்கள் வந்தன.

அப்படியானால் எஞ்சின்களைச் சேர்த்துக்கொண்டே போனால் வண்டியை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாமே என்று தோன்றும். முடியாது. முன்னால் நின்று இழுக்கும் மொத்த விசையும் முதல் வேகனின் கப்ளிங் வழியாகத்தான் பின்னால் போகிறது. அது தாங்கும் அளவே எல்லை. தவிர, ஒவ்வொரு கப்ளிங்கிலும் சில சென்டிமீட்டர் தளர்வு உண்டு. வண்டி முழுவதும் கூட்டினால் அது மீட்டர் கணக்கில் வரும். எஞ்சின் நகர்ந்ததும் ‘கடகட’வென்று ஓர் ஓசை வண்டியின் வால்வரை ஓடுவது இந்தத் தளர்வு இறுகும் சத்தம்தான். ஓட்டுநர் அவசரப்பட்டால், பின்பாதி நின்றுகொண்டிருக்க முன்பாதி வெடுக்கென்று இழுத்துக் கப்ளிங் அறுந்துவிடும். ஆகவே மிக நீண்ட வண்டிகளில் எஞ்சின்களை நடுவிலும் பின்னாலும் பிரித்து வைத்து, முன் எஞ்சினிலிருந்தே ரேடியோ மூலம் இயக்குகிறார்கள்.

இழுப்பதைவிடப் பெரிய தலைவலி நிறுத்துவது. ஏர் பிரேக்கில் வண்டி நெடுகச் செல்லும் குழாயில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்று நிற்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும். ஓட்டுநர் காற்றை வெளியே விட்டால் அழுத்தம் குறைந்து பிரேக் பிடிக்கும். அந்தக் குறைவு குழாயில் பரவும் வேகம், அவசர பிரேக்கிலும் நொடிக்கு 250 முதல் 280 மீட்டர்தான். 620 மீட்டர் ரேக்கின் கடைசி வேகனை எட்ட இரண்டரை நொடி போதும். ஆஸ்திரேலியாவில் பி.எச்.பி. நிறுவனம் 2001 ஜூன் 21 அன்று ஓட்டிய தாது வண்டி 682 வேகன்களும் 8 எஞ்சின்களுமாக 7.353 கிலோமீட்டர் நீளம், 99,734 டன் எடை. அதன் எஞ்சின் நாகர்கோவில் கோட்டாறில் நின்றால் வால் சுசீந்திரத்தையும் தாண்டிக் கிடக்கும். முன்னாலிருந்து மட்டும் காற்றை விட்டால் கடைசி வேகனுக்குச் செய்தி போய்ச்சேர அரை நிமிடம் ஆகும். அதற்குள் முன் வேகன்கள்மீது பின் வேகன்கள் வந்து முட்டும். அந்த வண்டியை ஒரே ஓட்டுநர் ஓட்ட முடிந்ததற்குக் காரணம், பிரித்து வைத்த எஞ்சின்கள் ஆங்காங்கே காற்றை வெளியேற்றியதுதான்.

பிரேக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதும் ஆஸ்திரேலியாவிலேயே தெரிந்தது. 2018 நவம்பர் 5 அன்று, ஓட்டுநர் பரிசோதனைக்காக இறங்கியிருந்த வேளையில், 268 வேகன் தாது வண்டி ஆளில்லாமல் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்குள் 92 கிலோமீட்டர் ஓடியது. கடைசியில் கட்டுப்பாட்டு மையத்தினர் அதை வேண்டுமென்றே தடம்புரள வைத்தார்கள்.

மலை இறக்கத்தில் பிரேக் கட்டையை மட்டும் நம்பினால் சக்கரம் கொதித்துவிடும். எனவே எஞ்சினின் மோட்டார்களையே ஜெனரேட்டராக மாற்றி வேகத்தை அடக்குகிறார்கள். 4,700 டன் வண்டி சிமிலிகுடாவிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 12,700 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்கு இலவசம் என்று 2016-இல் அறிவித்த 100 யூனிட்டால் வகுத்தால் 127 வீடுகளின் பங்கு. புதிய எஞ்சின்கள் இதில் ஒரு பகுதியை மேலே உள்ள கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன.

இந்தியாவில் நீளத்தைக் கட்டிப்போடுவது இன்னொன்று: நிலையங்களின் லூப் லைன். வேறு வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் இந்தப் பாதைகள் பெரும்பாலும் ஒரு ரேக் அளவுக்கே, அதாவது 700 மீட்டரை ஒட்டியே இருக்கின்றன. அதைவிட நீண்ட வண்டிக்கு ஒதுங்க இடமில்லை. 2022 ஆகஸ்ட் 15 அன்று 27,000 டன் நிலக்கரியுடன் ஓடிய ‘சூப்பர் வாசுகி’ 3.5 கிலோமீட்டர் நீளம். 295 வேகன், 6 எஞ்சின். 267 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 11 மணி 20 நிமிடம் ஆனது. சரக்குக்கென்றே தனியாகப் போட்ட புதிய வழித்தடங்களில்தான் ஒன்றரை கிலோமீட்டர் வண்டிகளுக்கு ஏற்ற லூப் லைன்கள் உள்ளன.

கூட்ஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பது சிலருக்குப் பொழுதுபோக்கு; கேட் கீப்பருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அது வேலை. பச்சைக் கொடியோடு நிற்கும் அவர்கள் தேடுவது சூடேறிய அச்சிலிருந்து வரும் புகை, தொங்கும் பிரேக் கம்பி, சாய்ந்த பாரம். காதுக்கும் வேலை உண்டு. பிரேக் பிடித்தபடியே இழுபட்டு ஓரிடத்தில் தேய்ந்து தட்டையான சக்கரம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தண்டவாளத்தை அறையும். வேகன் சக்கரத்தின் விட்டம் ஒரு மீட்டர், சுற்றளவு 3.14 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் அது நொடிக்கு ஐந்து முறை அறையும். தாது ஏற்றிய வேகனில் இந்த அடி தண்டவாளத்தையே விரிசலாக்கக்கூடும். கடைசியாக அவர்கள் பார்ப்பது வாலில் உள்ள ‘எல்.வி.’ (லாஸ்ட் வெஹிகிள் – கடைசி வண்டி) பலகையை. அது இல்லையென்றால் வண்டி நடுவில் அறுந்து, மீதி வேகன்கள் பாதையில் நிற்கலாம். முழு வண்டியும் வந்துசேர்ந்தது உறுதியாகும்வரை அந்தப் பாதையில் அடுத்த வண்டிக்கு அனுமதி கிடையாது.