போனஸ் வேண்டாம் சார்!

8 ரூபாய் 22 காசு.

இந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று உங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடையில் விசாரித்துப் பாருங்கள். டீ கிடைக்காது. மாஸ்டரிடம் ரொம்ப நாள் பழக்கம் இருந்தால் ஒரு பிஸ்கெட்டும் கொஞ்சம் அனுதாபமும் கிடைக்கலாம்.

ஆனால், இதை வைத்துக்கொண்டு ஒரு பையன் ஒரு நாள் முழுக்கக் காலேஜ் போய்ப் படித்துவிட்டு வந்துவிடலாம் என்பது சர்க்கார் கணக்கு. நானாகச் சொல்லவில்லை. பட்டியலின மாணவர்களுக்கான 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்' விதிகளை மத்திய அரசு 2021-ல் திருத்தி எழுதியது. பி.ஏ., பி.காம். மாதிரியான படிப்புகளுக்கு, வீட்டிலிருந்து போய்வருகிற மாணவனுக்குக் கைச்செலவுக்கான படி வருஷத்துக்கு 3,000 ரூபாய். ஹாஸ்டலில் இருந்தால் 6,000. எஞ்சினீயரிங், மருத்துவம் என்றால் ஹாஸ்டல்காரருக்கு 13,500. அந்த 3,000-ஐ 365-ஆல் வகுத்தேன். நான் பி.காம்., வகுக்காமல் இருக்க முடியாது!

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டாயக் கல்விக் கட்டணம் இந்தத் திட்டத்தில் தனியாகக் கிடைக்கிறது. அது சின்ன விஷயமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், 1944-ல் ஆரம்பித்த திட்டம் இது. குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இதனால்தான் வாங்கினார்கள். உங்கள் ஆபீஸிலேயே, உங்கள் பக்கத்து சீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். ஆகவே, 'ஸ்காலர்ஷிப் தண்டம்' என்று பேசுகிற கோஷ்டியில் நான் இல்லை. கொடுக்கிற விதம் சரியா என்பதுதான் என் சந்தேகம்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அண்ணன். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். மாதம் 20,500 சம்பளம். பையன் எஞ்சினீயரிங், ஹாஸ்டல். எனக்குக் கொஞ்சம் கணக்கு வழக்கு தெரியும் என்று தெருவில் ஒரு பொய்யான பேர் உண்டு. அதை நம்பித் தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஒரு யோசனை கேக்கணும். மேனேஜர்கிட்ட 'போனஸ் வேண்டாம் சார்'னு எழுதிக் குடுத்துட்டா, விட்டுருவாங்களா?"

காபி குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. போனஸ் போதாது என்று கொடி பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றவரை அன்றுதான் பார்த்தேன்.

அவர் பைத்தியக்காரர் இல்லை. நம்மையெல்லாம்விடத் தெளிவாகக் கணக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்காலர்ஷிப்புக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். அவர் சம்பளம் 12 மாதத்துக்கு 2,46,000. உள்ளே இருக்கிறார். கம்பெனி மனமிரங்கி 8,000 ரூபாய் போனஸ் கொடுத்தால் 2,54,000. வெளியே வந்துவிட்டார்! கூடுதலாக வந்தது 8,000. வரம்பைத் தாண்டியது 4,000. போவது எவ்வளவு? பையனின் கல்லூரிக் கட்டணம் 50,000 என்று வையுங்கள். ஹாஸ்டல் படி 13,500. மொத்தம் 63,500 ரூபாய்.

எட்டாயிரம் கொடுத்து அறுபத்து மூவாயிரத்தைப் பிடுங்குகிற இந்த வியாபாரத்தை எந்த சேட்டுக் கடையிலும் பார்க்க முடியாது.

இந்த இரண்டரை லட்சத்தை ஒழுங்காக 12-ஆல் வகுத்தால் மாதம் 20,833 ரூபாய். 2021-ல் படியை மாற்றியவர்கள் வரம்பில் கை வைக்கவில்லை. சரி, மத்திய சர்க்காரின் அகராதியில் ஏழை என்றால் இரண்டரை லட்சம்தான் போலிருக்கிறது என்று நினைத்தீர்களானால் ஏமாந்தீர்கள். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கான மத்திய உதவித்தொகைக்கு வரம்பு நாலரை லட்சம் என்று வைத்தார்கள். படிக்கிற காலத்தில் கல்விக் கடன் வட்டியை சர்க்காரே கட்டும் திட்டத்துக்கும் நாலரை லட்சம். 2019-ல் கொண்டுவந்த, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான பத்து சதவீத இடஒதுக்கீட்டுக்கு எட்டு லட்சம்; அதுவும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நீங்கலாக மற்றவர்களுக்கு. ஒரே பில்டிங்கில் மூன்று மாடி. கீழ் மாடியில் நீங்கள் பணக்காரர். லிஃப்டில் ஏறி மேலே போனால் நலிந்தவர். நலியும் அளவு உங்கள் சாதி சர்ட்டிபிகேட்டைப் பொறுத்தது!

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். நம் என்றால் நீங்களும் நானும். மார்ச் மாதம் வந்தால் வருமான வரிக் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஜாதி.

2025 பட்ஜெட்டில், புதிய முறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது என்றார்கள். உடனே நம்மில் பலருக்கு வந்த பயம் என்ன? 'எனக்கு 12 லட்சத்துப் பத்தாயிரம் வருதே! பத்தாயிரம் அதிகம் சம்பாதிச்சதுக்காக மொத்தமும் போயிடுமா?' ஸ்லாப்படி கணக்குப் போட்டால் வரி 61,500. ஆனால், சட்டம் எழுதியவர்கள் இந்தப் பயத்தை முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள். 'மார்ஜினல் ரிலீஃப்' என்று ஒரு சங்கதி. தாண்டியது 10,000 என்றால் வரியும் 10,000-தான், செஸ் தனி. அதாவது, அதிகம் சம்பாதித்த பாவத்துக்காக எவனும் பழைய நிலைமையைவிடக் கீழே போய்விடக் கூடாது என்று ஒரு தர்மம் அதில் இருக்கிறது.

மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவருக்கு இந்த தர்மம் உண்டு. 20,500 வாங்குகிற செக்யூரிட்டி அண்ணனுக்குக் கிடையாது. வரம்பைத் தாண்டினால் படிக்கட்டு இல்லை, நேராகக் கிணறுதான்.

இதைச் செய்வது கஷ்டமும் இல்லை. இரண்டரை லட்சம் வரை முழு உதவி. அதற்கு மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நாலரை லட்சத்திலோ ஐந்திலோ பூஜ்யம். வரி போடத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு இது தெரியாதா?

வருமானத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது அடுத்த வேடிக்கை. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று படியேறி தாசில்தார் ஆபீஸிலிருந்து வரும். சம்பள ஸ்லிப் வைத்திருக்கிறவன் மாட்டினான். ஒரு ரூபாய் மறைக்க முடியாது. ஸ்லிப் இல்லாதவர்கள்? பஜாரில் இரண்டு ஷட்டர் வைத்து வியாபாரம் செய்கிறவரின் ஆண்டு வருமானம் 72,000 என்று சான்றிதழ் பார்த்திருக்கிறேன். சரியாக மாதம் 6,000. அவர் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற பையனுக்கே அதைவிட அதிகம் சம்பளம்! வி.ஏ.ஓ.வைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் என்ன, ராத்திரி கல்லாவை எண்ணும்போது பக்கத்தில் உட்கார முடியுமா?

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டில் வந்த ஒரு ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. 2022 செப்டம்பர் 5-ல் ஆரம்பித்த புதுமைப்பெண் திட்டம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குக் கொடுத்துவந்த உதவியைக் காலேஜுக்குத் திருப்பிவிட்டார்கள். தாலிக்குத் தங்கம் போய், மாதம் ஆயிரம் ரூபாய் படிப்புக்கு. 2024 ஆகஸ்டில் கோவையில் பையன்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' என்று ஆரம்பித்தார்கள். இதில் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தாயா? படித்தேன். இந்தா ஆயிரம். பின்னால் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு எந்த ஷட்டர் முதலாளியும் பிள்ளையை ஏழு வருஷம் கார்ப்பரேஷன் ஸ்கூலில் போடமாட்டார். காகிதத்தில் பொய் சொல்லலாம். ஏழு வருஷம் வாழ்ந்து காட்டிப் பொய் சொல்ல முடியாது. தாசில்தார் சீலைவிட இது உறுதியான சான்றிதழ்.

ஓட்டை இல்லாமல் இல்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, பையன் இங்கிலீஷ் பேசட்டும் என்று தெருமுனை மெட்ரிகுலேஷனில் சேர்த்த அம்மா இருக்கிறாளே, அவள் கணக்கில் வரமாட்டாள். அவள் செய்த ஒரே தப்பு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டியது. அதேபோல, உள்ளூரில் அம்மா சமையலில் படிக்கிறவனுக்கும் ஆயிரம். திருவாரூரிலிருந்து சென்னை வந்து மேன்ஷனில் மூன்று பேரோடு ரூமைப் பங்கு போடுகிறவனுக்கும் அதே ஆயிரம். முதலாமவனுக்கு அது பாக்கெட் மணி. இரண்டாமவனுக்குப் பாதி மாத மெஸ் பில்லுக்குக்கூடக் காணாது.

மற்ற தேசத்தில் என்ன செய்கிறார்கள் என்று தேடியதில் ஜெர்மனிக்காரர்கள் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 1971-லிருந்து 'பாஃபோக்' என்று ஒரு சட்டம். மாதாமாதம் பணம். வழக்கமாக அதில் பாதி இனாம், பாதி வட்டியில்லாக் கடன். எத்தனை வாங்கியிருந்தாலும் 10,010 யூரோவுக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று உச்சவரம்பு. பெற்றோரோடு இருந்தால் தொகை குறைவு, வெளியே ரூம் எடுத்திருந்தால் அதிகம். அப்பாவின் வருமானம் ஏற ஏற உதவி சரிந்துகொண்டே வரும், ஒரேயடியாக விழாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று. இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆனால், நடுவில் அப்பாவுக்கு வேலை போய்விட்டால், 'இப்போதைய வருமானத்தைப் பாருங்கள்' என்று மனுப் போடலாம். அந்த ஊரிலும் ஃபாரம் நிரப்புவதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்று புலம்புகிறார்கள். இருந்தாலும், அப்பாவுக்கு வேலை போகும் என்று ஒரு சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறதே!

அங்கே மாதாமாதம் என்றேன் இல்லையா? அந்த வார்த்தையிலும் விஷயம் இருக்கிறது.

உங்கள் ஆபீஸில் அடுத்த மாதத்திலிருந்து இப்படி ஒரு சர்க்குலர் வருகிறது என்று வையுங்கள்: 'இனி சம்பளம் வருஷத்துக்கு ஒரு தடவை. தேதி சொல்ல முடியாது. வந்தால் எஸ்.எம்.எஸ். வரும்.' என்ன செய்வீர்கள்? யூனியன் இருந்தால் அன்றைக்கே கேட்டில் உட்காருவீர்கள். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் மாநில அரசு தன் 40 சதவீதத்தை விடுவித்த பிறகுதான் மத்திய அரசின் 60 சதவீதம் மாணவனின் பேங்க் அக்கவுண்டுக்குப் போகும் என்று விதி. முதல் ஆள் கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டாவது ஆள் பேனாவை எடுக்கமாட்டார். காலேஜ் கேஷ் கவுண்ட்டருக்கு இந்த வேதாந்தமெல்லாம் தெரியாது. 'ஃபீஸ் கட்டினாத்தான் ஹால் டிக்கெட்'.

நான் படித்த காலேஜில் (பெயர் வேண்டாம், இன்னும் அந்த வழியாகப் போய்வருகிறேன்) என் பெஞ்சில் ஒருத்தன் இருந்தான். இரண்டாம் வருஷத்து ஸ்காலர்ஷிப் அவனுக்கு மூன்றாம் வருஷம் பொங்கலுக்கு வந்தது. நடுவில் அம்மாவின் தோடு அடகுக்கடையில் எட்டு மாதம் குடியிருந்தது. பணம் வந்ததும் மீட்கப் போனான். வந்த தொகை போதவில்லை. வட்டிக்குக் கையிலிருந்து போட்டான். உதவித்தொகை வாங்கிக் கடனாளி ஆன முதல் மனிதன் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அவனும் சிரித்தான். பி.காம். படித்தவன் என்பதால் அந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரிந்திருக்கும்.

'எல்லாத்தையும் சும்மா குடுத்தா பசங்க சோம்பேறியாயிடுவாங்க சார்' என்று ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் சொல்வார். எல்லா ஆபீஸிலும் அவர் உண்டு. எல்.டி.சி. வாங்கி குலு மணாலி போய்வந்தவர். அவருக்கு ஒரு விண்ணப்பம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்கள் ஊர் பார்சல் குடோனுக்கு ஒரு நடை போய்வாருங்கள். வண்டியில் மூட்டை ஏற்றுகிற பையன்களில் பாதிப் பேரின் பாக்கெட்டில் காலேஜ் ஐ.டி. கார்டு இருக்கும். காலையில் முதல் பீரியடில் அவன் தூங்குவான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது. அவனைச் சோம்பேறி என்று ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள்.

அவனுக்கு வேண்டியது பெரிய தொகை இல்லை. மாதம் நாலாயிரமோ ஐந்தாயிரமோ, ஒன்றாம் தேதி, தவறாமல். அப்பா சம்பளம் கொஞ்சம் ஏறினால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். விலைவாசிக்குத் தகுந்தபடி வருஷா வருஷம் தொகையும் வரம்பும் ஏறட்டும். நமக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பஞ்சப்படி ஏறும்போது அவனுக்கு மட்டும் இட்லி பழைய விலையில் விற்கப்படுவதில்லையே?

செக்யூரிட்டி அண்ணன் விஷயம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். போனஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாக அனுப்பிவைத்தேன். அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. போன மாதம் கம்பெனியில் அவர் உழைப்பைப் பாராட்டி 500 ரூபாய் இன்கிரிமென்ட் கொடுத்துவிட்டார்களாம். இப்போது சம்பளம் 21,000.

12-ஆல் பெருக்கிப் பாருங்கள்.