கிணற்றைச் சுற்றி ஒரு மனவரைபடம்

ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் வட்டம் போட்டு, உள்ளே 'கிணறு' என்று எழுதுங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பெரும்பாலும் கிணறுதான் கதி. அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஏன் கெடுகிறது என்ற கேள்வியை வைத்தே மனவரைபடம் என்ற கருவியைப் பார்த்துவிடலாம்.

இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான். 1974இல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடரால்தான் அது பலருக்கும் தெரியவந்தது. நடுவில் பிரச்சினை, அதிலிருந்து தடித்த கொப்புகள், கொப்புக்கு ஒரு சொல், அதிலிருந்து சிறு கொப்புகள். விதி அவ்வளவுதான். நம் மாணவர்கள் பரீட்சைக்கு மீட்டல் செய்ய இதைப் பாவிக்கிறார்கள். சிக்கலான பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பதற்கு இது இன்னும் கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

முதல் கொப்பு 'உவர்'. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதில் இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் கணக்கு. அதிகமாக இறைத்து மேலே நீர்மட்டம் சிறிது இறங்கினாலும் கீழே உப்பு வெகுவாக ஏறிவிடும். எனவே 'உவர்' கொப்பில் 'இறைப்பு' என்று எழுதவேண்டும்.

இரண்டாவது கொப்பு 'நைத்திரேற்று'. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கும். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்குப் போடும் பசளையும் மலசலகூடக் குழிகளும் இதற்கு ஊற்று. பயிர் எடுத்தது போக மிஞ்சும் பசளையைக் கீழே கொண்டுபோவது மழையும் இறைப்புத் தண்ணீரும். செம்மண் படை மெல்லியது. கல்லின் வெடிப்புகளில் நைத்திரேற்று விரைவாக இறங்கிவிடும். ஆகவே இந்தக் கொப்பிலும் 'இறைப்பு' வருகிறது.

ஒரே சொல் இரண்டு கொப்புகளில் வரும்போது அவற்றைக் குறுக்குக்கோட்டால் இணையுங்கள். மனவரைபடத்தின் உண்மையான பயன் அந்தக் கோட்டில்தான். பட்டியலாக எழுதியிருந்தால் உவருக்கு ஒரு தீர்வு, நைத்திரேற்றுக்கு வேறொரு தீர்வு என்று பிரிந்து போயிருப்போம். பயிருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் இறைத்தால் இரண்டும் தணியும் என்பதைக் கோடு காட்டிவிடுகிறது. 'குளம்' என்பதும் அப்படியே: தூர் வாரிய குளத்தில் மாரி நீர் நின்று ஊறினால் உப்பு கீழே தள்ளப்படும், நைத்திரேற்றின் செறிவும் குறையும்.

குடாநாட்டின் சுன்னாகத்தில் கிணறுகளில் கலந்த கழிவெண்ணெய் மாசு மற்றக் கொப்புகளோடு சேராமல் தனியே நிற்கும். அதன் ஊற்று தோட்டமல்ல, மின்நிலையம். தீர்வுக்கான வழியும் நீதிமன்றம் வரை போனது. 2019இல் உயர் நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்தை 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. எதை எதோடு சேர்க்கக்கூடாது என்பதையும் படம் சொல்கிறது.

ஒரு குறை உண்டு. கொப்பின் பருமன் பிரச்சினையின் பருமன் அல்ல. படம் அளவு சொல்லாது. ஆகையால் கிணற்று நீரைப் பரிசோதித்துக் கிடைத்த எண்களை ஒவ்வொரு கொப்பிலும் எழுதவேண்டும். எண் இல்லாத கொப்பை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் 'தாழையடி' என்று ஒரு கொப்பு வரையுங்கள். 2024இல் குடாநாட்டின் அந்தக் கரையோர ஊரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதிலிருந்து 'குடிநீர்' என்ற சொல்லுக்குக் கோடு போடலாம். பசளைக்கோ குளத்துக்கோ போட முடியாது. தோட்டத்து இறைப்பு இன்னும் பழைய கிணறுகளிலேயே நடக்கிறது.